ஸ்முலாவின் மணி

நவம்பர் கடைசி. வடக்கே குளிர்நாட்டுத் துறைமுக ஊரான சுண்ட்ஸ்வாலில் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. கடையின் மிட்டாய்ப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டு தோரா சின்னக் கரண்டியால் அள்ளி அள்ளிக் காகிதப் பையில் போட்டாள். அவளுடைய அண்ணன் ஃபோல்கே அவள் கையை முழங்கைக்கு மேலே பிடித்தபடி பக்கத்தில் நின்றான். வாரம் முழுக்க இனிப்பு கிடையாது, சனிக்கிழமை மட்டும் உண்டு என்பது அம்மா வைத்த சட்டம். அவனுக்கு முப்பத்தொன்று, அவளுக்கு இருபத்தாறு என்று ஆகிவிட்ட பிறகும் இருவரும் அதை மீறவில்லை.

"உப்பு மிட்டாய் எத்தனை போட்ட?" என்றான் ஃபோல்கே.

"பன்னெண்டு."

"எண்ணித்தான் போட்டியா?"

"நான் எப்ப எண்ணாம போட்டிருக்கேன்?"

"அதானே," என்றான் அவன்.

நகராட்சியின் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் தோரா. எதையும் எண்ணி, எழுதி, மறுபடி ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். சரிபார்த்த பிறகும் சந்தேகம் வரும், அது வேறு விஷயம். உப்பு மிட்டாயைத் தனியாக ஒரு சின்னப் பையில் போட்டாள். கன்னங்கரேல் என்று, நாக்கில் வைத்தால் கரித்து மூக்குவரை ஏறும் மிட்டாய் அது. ஊரில் பாதிப் பேருக்கு அது உயிர். இவர்கள் இருவருக்கும் ஆகாது. ஆகாது என்பதற்காகத்தான் வாங்கினார்கள்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் அவர்கள் ஒரு வீடியோ கேம் ஆடினார்கள். தெற்கே ஏதோ ஒரு சிற்றூரில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து செய்த கேம். கொள்ளைநோயில் செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். வேரா என்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர், வடக்கே ஒரு துறைமுகத்தில் இருக்கும் தன் அக்காவைத் தேடி ரயில் பாதையோரமாக நடந்தே போகிறாள். ஃபோல்கே இதை வாங்கியபோது அவனுக்குப் பார்வையின் நடுப்பகுதி கொஞ்சம் மிச்சமிருந்தது. இருபது வயதில் ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கிய பார்வை அது. முதல் இரண்டு அத்தியாயங்களை அவனே ஆடினான். இரண்டு குளிர்காலத்துக்கு முன் அந்த நடுப்பகுதியும் போயிற்று. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய வேலையும் போயிற்று. அதன் பிறகு தோரா வந்து கையைக் கொடுத்தால்தான் வெளியே வருவான். அவள் வராத நாளில் மாடிப்படிகூட இறங்குவதில்லை.

இந்தச் செப்டம்பரில் கன்ட்ரோலரைத் தூசி தட்டி எடுத்தவள் தோராதான். அவள் ஆடுவது, அவனுக்குத் திரையில் இருப்பதைச் சொல்வது என்று ஏற்பாடு. வெள்ளைக்கோல் பயிற்சியில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே திசையைக் கடிகார முள் நிற்கும் மணியாகவும் தூரத்தை அடிக்கணக்கிலும் சொன்னாள். "ரெண்டு மணிப் பக்கம் ஒருத்தி, பத்து அடி, தலை தொங்கிட்டு இருக்கு." சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பிணம் வேராவைக் கடித்திருக்கும். தோரா ஆடியதில் வேரா செத்ததற்குக் கணக்கே இல்லை. பிணங்களுக்கே அவளைப் பார்த்துப் பரிதாபம் வந்திருக்கும் என்பான் ஃபோல்கே. தன் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் தான் சொன்ன வார்த்தைகளை மறுபடி ஓட்டிப் பார்ப்பாள். அந்தச் சுவர் சாம்பல் நிறம்தானா, பச்சை கலந்ததா. தான் சொல்வதைத் தவிர அவனுக்கு வேறு சுவர் கிடையாது என்ற நினைப்பு அவளை உறுத்தும்.

உப்பு மிட்டாய்ச் சட்டம் ஃபோல்கே போட்டது. கேமில் தாங்க முடியாத மோசமான இடம் எதுவென்று இருவருக்கும் தோன்றுகிறதோ, அங்கே நிறுத்தி ஆளுக்கொரு உப்பு மிட்டாய் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். தனியாகத் தின்னக் கூடாது, துப்பக் கூடாது. பரிசோதனைக்கூடத்துப் பழைய நோட்டு ஒன்றில் தோரா அந்த இடங்களை எண் போட்டு எழுதினாள். ஒன்று, சாக்கடைக் குழாய், டார்ச் அணைந்த பிறகு எலிகள். இரண்டு, தூங்கும் பிணங்களுக்கு நடுவே ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியைத் தள்ளிப்போவது, அதில் ஒரு சக்கரம் கிறீச்சிடும். நாலாவதாக ஒரு கதவு. முக்கால் மணிநேரம் சண்டை போட்டு அதைத் திறந்தால் தரை உடைந்து வேரா கீழே விழுகிறாள், சேர்த்த குண்டெல்லாம் காணாமல் போய்விடுகிறது. இது கதை இல்லை, பகல் கொள்ளை என்று ஃபோல்கே அன்று முழுக்கத் திட்டினான். ஆறாவது இடத்தில் எதுவுமே நடக்காது. பள்ளிக்கூட நடையில் வரிசையாகக் கொக்கிகள், அவற்றில் சின்னச் சின்னக் கோட்டுகள், ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. தோரா பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். அன்று யாரும் கேலி பேசவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு நாய் வந்தது. ரொட்டித் துணுக்குக்காக வந்து ஒட்டிக்கொண்டதால் வேரா அதற்குத் துணுக்கு என்று பொருள்படும்படி ஸ்முலா என்று பெயர் வைத்தாள். கழுத்தில் ஒரு குட்டி மணி. அதிலிருந்து ஃபோல்கேக்கு வேராவைப் பற்றிக் கவலையே இல்லை. நாய் இப்போது என்ன செய்கிறது, எங்கே நிற்கிறது, காது எப்படி இருக்கிறது என்றே கேட்டான். அதற்கு முன்பு வழிகாட்டி நாய் ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்று தோரா எத்தனையோ முறை சொல்லியும் அவன் கேட்டதில்லை. தன்னை இழுத்துக்கொண்டு போக ஒரு ஜீவன், அதுவும் பத்து வருஷத்தில் செத்துப்போகும், அந்த வேதனை வேறு எதற்கு என்று தட்டிக்கழித்தவன், ஸ்முலா வந்த இரண்டாவது வாரம் தானாகவே விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டான். தோரா அன்றே அனுப்பிவிட்டாள். அக்டோபர் கடைசியில் பதில் வந்தது. நவம்பர் கடைசித் திங்கட்கிழமை பத்து மணிக்கு நாய்ப் பயிற்சியாளர் மாய்வோர் என்ற அம்மாள் வீட்டுக்கு வருவார், அவனோடு பேசுவார், நாயின் முதுகில் மாட்டும் சேணத்தின் ஒரு பக்கத்தை அவர் பிடித்து நாய் மாதிரி முன்னால் நடக்க, மறுபக்கத்தை இவன் பிடித்துத் தெருவில் நடந்து பார்க்க வேண்டும். அன்று அவன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும்.

கடிதம் வந்தது வியாழக்கிழமை. அடுத்த சனிக்கிழமை அவர்கள் ரயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே ஸ்முலாவைப் பிணம் ஒன்று கடித்துவிடுகிறது. கடிபட்ட எதுவும் ஒரு மணிநேரத்தில் பிணமாகிவிடும் என்பது கேமின் விதி. வேரா நாயைக் காத்திருப்பு அறைக்குள் கூட்டிப்போய், மணியைக் கழற்றிக்கொண்டு, வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். காட்சியில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. காற்றும் மணியும் மட்டும்தான். திரையின் கீழே ஒரு பட்டன் படம் தோன்றும். அதை நாமே அழுத்தி, கதவு முழுக்க மூடும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தோரா அழுத்தினாள்.

"என்ன ஆச்சு? மணிய என்ன பண்ணுனா?" என்று கேட்டான் ஃபோல்கே.

திங்கட்கிழமை, சேணம், மாடிப்படி எல்லாம் ஒரே நொடியில் அவள் தலைக்குள் ஓடின. பிணங்களுக்குக் கேட்காமலிருக்க வேரா மணியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள், ஸ்முலா கொஞ்சம் நொண்டுகிறது, ஆனால் பின்னாலேயே வருகிறது என்று சொல்லிவிட்டாள். குரல் நடுங்கவில்லை. கை மட்டும் பழக்கதோஷத்தில் மிட்டாய்ப் பைக்குள் போயிற்று.

அன்றிலிருந்து இல்லாத நாய் ஒன்றை அவள் நடத்திக்கொண்டு வந்தாள். அது பனியில் மூக்கை விட்டுத் தும்மியது. வேராவின் பூட்ஸ் மேல் முகவாயை வைத்துத் தூங்கியது. ஃபோல்கே சிரித்தான். வாரம் ஏற ஏற அவளுக்கு அது கைவந்த கலையாகிவிட்டது, அதுதான் அவளுக்கே பிடிக்கவில்லை. கேமில் யாராவது வேராவிடம் நாயைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் பட்டனைத் தட்டிப் பேச்சைத் தாண்டிவிட்டு, மெஷின் சிக்குகிறது என்றாள். ரிப்பேருக்குக் கொடுக்கலாமா என்று ஃபோல்கே பொறுமையாகக் கேட்டான். திங்கட்கிழமை வரை தாங்கினால் போதும், அதற்குப் பிறகு எப்படியாவது சொல்லிவிடலாம் என்று பஸ்ஸில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தத் திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்.

ஃபோல்கே வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிப் போட்டார்கள். ஃபோல்கே காபி போட்டான். கோப்பையின் விளிம்பில் விரலை வைத்து அளந்து ஊற்றினான். தோரா கேமைத் திறந்தாள். துறைமுகம் தூரத்தில் தெரிகிறது, நடுவில் உறைந்த விரிகுடா. பிணங்கள் துரத்த, வேரா பனிக்கட்டி மேல் ஓட வேண்டும். தோரா ஓடினாள். ஓட ஓட வேராவின் பையிலிருந்து மணி கிணுகிணுவென்று ஒலித்தது. இதுவரை அவள் இவ்வளவு தூரம் ஓடியதே இல்லை. மணி இப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"நிறுத்து," என்றான் ஃபோல்கே.

நிறுத்தினாள்.

"நாய் எங்க?"

"பின்னாடி வருது. நாலு மணிப் பக்கம். அஞ்சு அடி."

"பனிக்கட்டி மேலயா?"

"ஆமா."

"நகச் சத்தமே இல்லாம?"

தோரா கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். வெளியே யாரோ காரின் மேல் படிந்த பனியைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"தோரா, அந்த ஸ்டேஷன் அன்னிக்குப் பன்னெண்டு மிட்டாய் வாங்குன. சாக்குப்பை மாட்டுன ஒருத்தன் வேராவோட பூட்ஸத் திருடுன எடத்துல ஆளுக்கொண்ணு தின்னோம். நீ போனப்புறம் மிச்சத்த டப்பால கொட்டுனேன். ஒன்பது இருந்துச்சு. சேந்துதான தின்னணும்? ஒத்தப்படையில எப்படி மிஞ்சும்?"

எண்ணிப் போட்டவள் அவள். எண்ணியதை அவனும் எண்ணுவான் என்று தோன்றவே இல்லை. இரண்டு வருஷமாக அவனுக்கு வந்த கடிதங்களை வாசித்தவள், மருந்துச் சீட்டை வாசித்தவள், சட்டையில் கறை இருக்கிறதா இல்லையா என்று சொன்னவள். அத்தனையும் இப்போது அவன் மனதில் வரிசையாக வந்து நிற்கும், இதில் எது பொய் என்று ஒவ்வொன்றையும் அவன் புரட்டிப் பார்ப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஸ்டேஷன்லயே செத்துப்போச்சா?"

"சாகல. கதவுக்குள்ள விட்டுச் சாத்திட்டேன். வேரா சாத்திட்டா." நிறுத்தினாள். "நான்தான் பட்டன அழுத்துனேன்."

"ஏன் சொல்லல?"

"திங்கக்கிழமைக்காக. நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்."

ஃபோல்கே காபியைக் குடித்தான். ஆறிப்போயிருக்கும். பிறகு, நாய்ப் பயிற்சிக்காரர்கள் அனுப்பிய கடிதத்திலும் ஒரு பத்தியை அவள் விட்டுவிட்டாள் என்றான். நாய் எட்டு, ஒன்பது வருஷம் வேலை செய்யும், அதற்குப் பிறகு அதற்கு வயதாகிவிடும், அப்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும் என்று எழுதியிருந்த பத்தி. அதையே மின்னஞ்சலிலும் அனுப்பியிருந்தார்கள்.

"ஃபோன் வாசிச்சுக் காமிச்சுது. அது எதையும் விடாது. அதுக்கு உன்ன மாதிரி அறிவு கிடையாது."

தோராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அப்ப நாலு வாரமா ஏன்டா பேசாம இருந்த?"

"நீ சொன்ன நாய் நல்லா இருந்துச்சு," என்றான். "பனியில மூக்க விட்டுத் தும்முச்சே, அது எனக்கு ரொம்பப் புடிச்சுது. நெசமான நாய் எதுவும் அவ்வளவு அழகாத் தும்மாது." கோப்பையை மேஜையைத் தடவிப் பார்த்து வைத்தான். "ஆனா திங்கக்கிழமை பேச வர்றது அந்த நாயப் பத்தி இல்லல்ல. சாகுற நாயப் பத்தி. அந்தம்மாகிட்ட நான் என்ன சொல்லப்போறேன்னு எனக்கே இன்னும் தெரியல. ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போ. அதப் பாத்துட்டுத்தான் சொல்வேன்."

வேண்டாம் என்ற சொல் தோராவின் வாய் வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு அத்தியாயப் பட்டியலைத் திறந்தாள். நிலையம் என்ற பெயர் வந்ததும் அழுத்தினாள்.

இந்த முறை எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஸ்முலாவின் பின்னங்கால், இடது. ரத்தம் நிறைய இல்லை. அது வாலை ஆட்டவில்லை, வேரா கூப்பிட்டதும் வந்தது. காத்திருப்பு அறையில் நீளமாக இரண்டு மர பெஞ்சு, ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது, அது வழியாகப் பனி உள்ளே விழுகிறது. பச்சையா சாம்பலா என்று தெரியாத சுவர். தெரியாது என்றே சொன்னாள். வேரா முட்டி போடுகிறாள். மணியைக் கழற்றுகிறாள். கழற்றும்போது அவள் கை ஒருமுறை நாயின் காதுக்குப் பின்னால் நிற்கிறது. மணி ஒலித்தது, துணியில் பட்டு அடங்கியது.

"இப்ப பட்டன் வந்திருக்கு," என்றாள். "கீழ் பட்டன். அழுத்திப் பிடிச்சுக்கணும்."

ஃபோல்கே கையை நீட்டினான். அவள் கன்ட்ரோலரைக் கொடுத்து, கட்டைவிரலை அந்தப் பட்டன் மேல் எடுத்து வைத்தாள். அவன் அழுத்தவில்லை.

"அழுத்தலன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. கேம் காத்துட்டு இருக்கும்."

"நாய் என்ன பண்ணுது?"

"உக்காந்திருக்கு. அடிபட்ட கால மட்டும் பக்கவாட்டுல நீட்டிருக்கு."

"என்னப் பாக்குதா?"

"ம்," என்று வந்துவிட்டது. உடனே திருத்தினாள். "இல்ல. வேராவையும் பாக்கல. ஜன்னல்ல பனி விழுறதப் பாக்குது."

"இப்ப?"

"காத ஒரு தடவ திருப்புச்சு. மறுபடி ஜன்னல்."

காற்று வீசிக்கொண்டிருந்தது, டிவியிலும் வெளியிலும். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாய் செய்ததெல்லாம் நாலே காரியம். காதைத் திருப்பும், ஜன்னலைப் பார்க்கும், கண்ணை மூடித் திறக்கும், மூச்சு விடும்போது வாயருகே புகை வரும். மறுபடி காதைத் திருப்பும். கேம் செய்தவர்கள் அவ்வளவுதான் செய்து வைத்திருந்தார்கள். மூன்றாவது சுற்றில் அதையும் சொன்னாள்: இனி புதிதாக எதுவும் செய்யாது, செய்ததையே செய்யும். ஃபோல்கே தலையசைத்தான். இன்னும் இரண்டு சுற்று இருக்கட்டும் என்றான். இரண்டு சுற்று இருந்தார்கள்.

பிறகு அவன் கட்டைவிரல் இறங்கியது. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. கீல் சத்தம் நீளமாக வந்தது. நடுவில் அவன் விரல் நழுவ, கதவு மறுபடி திறந்துகொண்டது. அவன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து அழுத்தினான். இந்த முறை தாழ் விழும்வரை விடவில்லை.

"நாய் தெரியுதா?"

"தெரியல. கதவுதான் தெரியுது."

அவன் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மிட்டாய்ப் பைக்காகத் துழாவினான். ஆளுக்கொரு உப்பு மிட்டாய் எடுத்தார்கள். இருவர் முகமும் ஒரே மாதிரி கோணியது.

"பட்டியல்ல எழுதிக்க," என்றான்.

"அன்னிக்கே எழுதிட்டேன். ஒன்பதாவது."

"பொய்யச் சொல்லிட்டு அத நம்பர் போட்டு வேற எழுதி வெச்சிருக்க."

"பென்சில்ல," என்றாள்.

அவன் சிரித்தான். சிரிப்பு சீக்கிரம் நின்றது. அந்தக் கடிதம் பையில் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. வாசிக்கச் சொன்னான். தோரா மேலே இருந்த முகவரியிலிருந்து தொடங்கினாள். தேதி, கோப்பு எண், மாய்வோர் அம்மாளின் தொலைபேசி எண் எதையும் விடவில்லை. எட்டு, ஒன்பது வருஷம் என்ற பத்தி வந்ததும் விரலை வரியின் கீழே வைத்துக்கொண்டாள். வாசித்தாள். இன்னொரு தடவை வாசி என்றான். வாசித்தாள்.

"எட்டு வருஷத்துல எத்தன சனிக்கிழமை வரும்?"

அவள் மனக்கணக்குப் போட்டாள். சந்தேகம் வந்து கடிதத்தின் ஓரத்தில் எழுதியும் பார்த்தாள். "நானூத்திப் பதினாறு."

ஃபோல்கே பெரிய மிட்டாய்ப் பைக்குள் கைவிட்டு, விரலால் தடவித் தடவி அவளுக்குப் பிடித்த ராஸ்பெரி மிட்டாய் ஒன்றைக் கண்டுபிடித்து நீட்டினான். தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டான்.

"தெருவுல பனி எவ்வளவு இருக்கு?" என்று கேட்டான்.

தோரா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். நடைபாதையைத் தள்ளிச் சுத்தம் செய்திருக்கிறார்கள், முனையில் மட்டும் ஒரு முழம் குவிந்து கிடக்கிறது, அதற்கடியில் பனிக்கட்டியாக இருக்கலாம், இங்கிருந்து சரியாகத் தெரியவில்லை என்றாள்.

"அப்ப அடியில ஆணி வெச்ச பூட்ஸ எடுத்துக் கதவுகிட்ட வை," என்றான் ஃபோல்கே. "திங்கக்கிழமை காலையில தேடிட்டிருக்க முடியாது. அந்தம்மா நாயா நடக்கப்போறாங்க, நான் முதல் தெருவுலயே அவங்கள இழுத்துட்டு விழுந்தா மரியாதையா இருக்காது."

பூட்ஸ் அலமாரியின் அடியில், இரண்டு குளிர்காலத் தூசியோடு கிடந்தது. தோரா அதைத் துடைத்து, முனை வாசலைப் பார்க்கும்படி, அவன் கால் தானாகப் போய்ப் படும் இடத்தில் வைத்தாள். எங்கே வைத்தாள் என்று அடிக்கணக்கில் அவனிடம் சொன்னாள்.